ஆடி போகட்டும் என்று வைத்த முகவரிப் படிவம்

போன மாதம் ஒரு நாள் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் கம்பெனியிலிருந்து திவ்யா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

“அம்மா, பாதுகாப்பு வாரத்துக்கு மலர் போடறோம். அந்த ஆம்புலன்ஸ் விஷயத்த நீங்களே எழுதித் தாங்களேன். நான் சொன்னா கதை விடறேன்னு நெனைக்கிறாங்க.”

“எனக்கே இன்னும் முழுசாப் புரியலடி. என்னன்னு எழுதறது?”

“புரியலன்னே எழுதுங்க.”

அதனால் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாங்காட்டு அம்மனைக் கும்பிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் கம்பெனி எங்களுடையது. கல்யாணமாகி அண்ணனூருக்கு வந்த மறு வருடம் அங்கே டெலிபோன் போர்டில் சேர்ந்தேன். ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எட்டாம் நாள் தனியாக விட்டுவிட்டார்கள். வெளி லைன் நான்கு, உள் லைன் நாற்பது. யார் வெளி லைனை எடுத்தாலும் போர்டில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கு எரியாமல் எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகாது. முப்பது வருடம் அப்படித்தான். என் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததைவிட அந்த விளக்கைத்தான் அதிகம் பார்த்திருப்பேன்.

நிர்வாக மேனேஜர் தணிகாசலம் சார் எனக்கு மேலதிகாரி. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன் பேசும்போது உட்கார மாட்டார். எழுந்து நின்று, இடது காதில் வைத்து, எதிரில் யாரோ நிற்பதுபோல் பேசுவார். எண் ஏதாவது சொன்னால் இரண்டு தடவை திருப்பிச் சொல்லுவார். எல்லோருக்கும் கோபம் வந்தால் குரல் ஏறும். அவருக்கு இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் நாம் குனிந்து காது கொடுத்தால்தான் கேட்கும்.

என் போர்டுக்கு மேலே அவர் கையாலேயே மூன்று வரி எழுதி ஒட்டியிருந்தார். முதலில் இடம். அடுத்தது என்ன நடந்தது. மூன்றாவது, நம்மைத் திரும்பக் கூப்பிட வேண்டிய எண். ஆபத்துக்குப் போன் செய்தால் இந்த வரிசை மாறக்கூடாது. திங்கட்கிழமை காலையில் கம்பெனியின் ஏதோ ஒரு மூலையிலிருந்து என்னைக் கூப்பிடுவார். வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்.

“சொல்லுங்க.”

நான் கம்பெனி முகவரியை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். பிளாட் எண், எத்தனையாவது குறுக்குத் தெரு, எந்தப் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம் எல்லாம்.

“பின்கோடு?”

அதையும் சொல்லுவேன். போனை வைத்துவிடுவார். சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார்.

சேர்ந்து சில வருடங்களில் ரப்பர் வேகவைக்கும் பிரிவில் தீப்பிடித்தது. தீயணைப்புக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் எடுத்ததும் என் வாயில் வந்தது “ஐயோ, தீ, தீ” என்பதுதான். அதற்குள் கேபிள் வெந்து லைன் செத்துவிட்டது. இடமே சொல்லவில்லை. உட்கார்ந்து அழுதேன். ஆனால் வண்டி வந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்கள் அந்த லைன் யாருடையது என்று பிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால் வீடு வரும் அல்லவா, அந்த மாதிரி. மறுநாள் போர்டுக்குச் சூடம் காட்டினேன். தணிகாசலம் சார் பார்த்துக்கொண்டே நின்றார்.

“வந்தாங்க. நல்லது. ஆனா நீங்க எடம் சொல்லலம்மா” என்றார். குரல் ரொம்ப இறங்கியிருந்தது.

அவர் சொன்னதைவிட வண்டி வந்ததுதான் என் மனதில் நின்றது. நாம் சொல்லாவிட்டாலும் போன் இருக்கும் இடம் போனுக்குத் தெரியும் என்று அன்றைக்கு நம்பியவள், பிறகு அதை மறுபடி யோசித்ததே இல்லை.

ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது எல்லாப் போனையும் இன்டர்நெட் போனாக மாற்றினார்கள். மாட்ட வந்தவர் கார்த்திக். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், மாங்காட்டில் ஃபிளாட் எடுத்து மனைவியோடு இருந்தார். பழைய போர்டைக் கழற்றி வைத்துவிட்டு எனக்கு ஒரு கம்ப்யூட்டர் திரையைக் கொடுத்தார். என் வழியாக வரும் அழைப்பு மட்டும் அதில் தெரியும். மற்றவர்கள் தங்கள் மேசையிலிருந்து நேராக வெளியே பேசிக்கொள்ளலாம்.

சிவப்பு விளக்கு எங்கே என்று கேட்டேன். “அதெல்லாம் இனிமே இல்ல மேடம்” என்று சிரித்தார்.

அப்போது ஸ்டோர்ஸ் சம்பத்தும் பக்கத்தில் இருந்தான். ஸ்டோர்ஸ் கீப்பர். பெரிய வாய்க்காரன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன், ஆவடியில் வீடு. கம்பெனியில் அவன் குரல் கேட்காத இடம் கிடையாது.

“இன்னாபா இது, இங்க புடுங்கி அங்க சொருவுனா அதே நம்பர்ல பேசுதாமே. அப்போ என் ஊட்டுக்கு எட்துனு பூட்டா?”

“இன்டர்நெட் இருந்தா அங்கயும் பேசும் சார். நம்பர் போனோட போகும்.”

“யக்கா, கேட்டியா? நாளைலேந்து நான் ஊட்ல படுத்துனு ஸ்டோர்ஸ்ல கீறேன்னு சொல்லுவேன்.”

“சொல்லு, சொல்லு. சார் திங்கக்கெழம கூப்புடுவாரு, பின்கோடு கேப்பாரு” என்றேன்.

கார்த்திக் மட்டும் சிரிக்கவில்லை. “ஒரு விஷயம் மேடம். இந்தப் போன் எங்க இருக்குன்னு இந்தப் போனுக்கே தெரியாது. நீங்க எழுதிக் குடுக்கற அட்ரஸ்தான் அதுக்குத் தெரியும். அவசர நம்பர் அடிச்சா, கால் எந்தப் பக்கம் போகணும், அவங்க ஸ்கிரீன்ல எந்த அட்ரஸ் வரணும்னு எல்லாமே நீங்க எழுதினதுதான். போனை எடம் மாத்தினா அன்னிக்கே ஃபார்ம் குடுத்திருங்க.”

தலையாட்டினேன். ஆனால் காதில் விழுந்தது மனதில் இறங்கவில்லை. இவ்வளவு புத்தியுள்ள போனுக்குத் தான் இருக்கும் இடம் தெரியாது என்றால் எப்படி? பிள்ளை ஏதோ மிகைப்படுத்திச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் முதலாளி பாரிவாக்கத்தில் ஒரு பெரிய குடோன் எடுத்தார். ஸ்டோர்ஸ் முழுவதும் அங்கே போக வேண்டும். ஆடி பிறந்தால் எதுவும் தொடங்க முடியாதே என்று ஆனி கடைசி முகூர்த்தத்தில் பால் மட்டும் காய்ச்சினோம். உப்பு, மஞ்சள், சாமி படம், நிறைகுடம் எல்லாம் நான்தான் கொண்டுபோனேன். நல்ல நேரத்துக்குள் முதல் அழைப்பு போக வேண்டும் என்று முதலாளி சொன்னதால் சம்பத் தன் போனையும் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு வேனில் வந்தான். சொருகியதும் பேசியது. கணபதி ஹோமம், பெயர்ப் பலகை மாட்டுவது, முறைப்படி திறப்பது எல்லாம் ஆவணியில் என்று முடிவானது. செய்து வைத்திருந்த பலகையைச் செய்தித்தாள் சுற்றிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். ஆனால் சரக்கு நிற்குமா? சம்பத்தும் ஐந்தாறு தொழிலாளிகளும் மறுநாளே அங்கே போய் வேலை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

தினம் எனக்குப் போன் செய்வான்.

“யக்கா, வெளிய போர்டு கூட இல்ல. லாரிக்காரன் மூணு தபா சுத்தி வரான். நம்ம இன்னா தலைமறைவாவா கீறோம்?”

“ஆவணி வரைக்கும் பொறுத்துக்கோடா.”

“அம்மன் மாசத்துல ஒளிஞ்சினு கீறேன். சாமிக்காவது அட்ரஸ் தெரியுமா?”

முகவரி மாற்றும் படிவம் வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. எண், கட்டடம், தெரு, அடையாளம், பின்கோடு. கீழே ‘மேற்கண்டது உண்மை என உறுதி கூறுகிறேன்’ என்று ஒரு வரி, என் கையெழுத்து, கம்பெனி முத்திரை. எல்லாவற்றையும் அழகாக எழுதினேன். கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தபோது மனம் வரவில்லை. ஹோமம் ஆகாத இடம். முதலாளியே பலகை மாட்டவில்லை. ஆடியில் புது முகவரிக்கு நான் முதல் கையெழுத்துப் போட்டு, அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நாலு மூலையிலும் மஞ்சள் தடவி மேசை இழுப்பறையில் வைத்தேன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் அனுப்பிவிடலாம், நான்கு வாரம்தானே.

தணிகாசலம் சார் ஒரு தடவை கேட்டார். “ஸ்டோர்ஸ் போன் ஃபார்ம் போயாச்சா?”

“போயிடும் சார்” என்றேன்.

பொய் சொல்லவில்லை என்று அப்போது நினைத்தேன். இன்றைக்கு அந்தச் சொல்லை நினைத்தால் கூசுகிறது.

ஆடி மூன்றாம் வெள்ளி. எங்கள் கேட்டுக்கு எதிரில் இருக்கும் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். சாப்பாட்டு வேளையில் நானும் ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் சைரன் சத்தம். எங்கேயோ போகிறது என்று பார்த்தால் ஆம்புலன்ஸ் நேராக எங்கள் கேட்டுக்குள் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் கைப்பெட்டியோடு இறங்கி ஓடி வந்தார்.

“பேஷண்ட் எங்கம்மா?”

“பேஷண்டா? இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லையே.”

“உங்க அட்ரஸ்லேந்துதான் கால். பேச முடியல, மொனகற சத்தம் மட்டும் கேட்டிருக்கு. ஸ்கிரீன்ல அட்ரஸ் இருந்ததால எங்கள அனுப்பிட்டாங்க.”

என் திரையைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. “எங்க போன்லேந்து போகலம்மா. போயிருந்தா எனக்குத் தெரியாம இருக்காது” என்றேன். எவ்வளவு அழுத்தமாகச் சொன்னேன் தெரியுமா? முப்பது வருட அனுபவம் அப்படிச் சொல்ல வைத்தது.

தணிகாசலம் சார் வந்தார். கேட்ட மாத்திரத்தில் மணி அடிக்கச் சொன்னார். ஆபத்து என்றால் எல்லோரும் வேப்பமரத்தடியில் வந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எல்லோரும் வந்தார்கள். அன்றைக்குக் கேட்டுக்குள் வந்தவர்களின் வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டோம். ஒருத்தரும் குறையவில்லை. கழிப்பறையில் பார்த்தார்கள். பாய்லர் அறையில் பார்த்தார்கள். மொட்டை மாடிக்கு இரண்டு பேர் ஓடினார்கள். யாரும் எங்கும் விழுந்து கிடக்கவில்லை.

கூட்டத்தில் ஒருத்தன், “வண்டி வெறுமனே திரும்பக் கூடாதுபா. வேணும்னா நான் ஏறிப் பட்துக்கறேன்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். இதை எழுதும்போது கை நிற்கிறது. ஆனால் திவ்யா உள்ளபடி எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். நானும் சிரித்தேன்.

வண்டியைத் திருப்பினார்கள். அந்தப் பெண் ஏறப் போனவர், ஏதோ தோன்றி என்னிடம் வந்தார். “நம்பர் எங்களுக்கு மெசேஜ்ல வந்திருக்கு. கடைசி மூணு எண் நாலு ஒண்ணு ஏழு. யாரோடதுன்னு பாருங்க.”

பார்க்க வேண்டியதே இல்லை. எங்கள் எண்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். “ஸ்டோர்ஸ்!” என்று கத்தினேன்.

அடுத்து நடந்ததை நினைத்தால் எங்கள் எல்லோருக்கும் அன்றைக்குப் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை. ஸ்டோர்ஸ் என்றதும் அத்தனை பேரும் பின்பக்கம் இருந்த பழைய ஸ்டோர்ஸ் அறைக்கு ஓடினோம். நானும் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. சாவி கிடைக்கவில்லை. கம்பியால் பூட்டை உடைத்தார்கள். உள்ளே வெறும் தரை. சம்பத்தின் மேசை இருந்த இடத்தில் பழைய ஒயர் ஒன்று சுவரிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஒயரின் நுனியைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மடியில் போனை வைத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்திருந்த சம்பத்.

“சார், அந்தப் போன் இங்க இல்ல சார். பாரிவாக்கத்துல இருக்கு. அங்க நம்ம சம்பத்து...”

தணிகாசலம் சார் திரும்பினார். அந்தப் பெண்ணைப் பார்த்து நின்றபடியே பாரிவாக்கம் குடோன் முகவரியைச் சொன்னார். முதலில் இடம். அப்புறம் விஷயம். அப்புறம் எண், இரண்டு தடவை. அந்தப் பெண் தன் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல, பூந்தமல்லிப் பக்கமிருந்து வேறு வண்டி கிளம்பியது. நான் நாலு ஒண்ணு ஏழை அடித்துக்கொண்டே இருந்தேன். ‘பிஸி’ என்றே வந்தது. அவன் கைபேசி அடித்தது, எடுக்கவில்லை. அங்கே மூட்டை ஏற்றும் பிபின், ஒடிசாக்காரர், முப்பத்தைந்து வயது ஆள், அவருடைய எண் சாரிடம் இருந்தது, அவரைக் கூப்பிட்டார். எல்லோரும் அங்கே ஏரிக்கரை அம்மன் கோயிலில் கூழ் குடிக்கப் போயிருந்தார்கள். சரக்குக்குக் காவலாகச் சம்பத் மட்டும் தனியாக இருந்திருக்கிறான்.

பிபின் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “சம்பத் அண்ணா கீழே. வாய் இப்டி ஆயிடுச்சி சார். கண்ணு பாக்குது. பேச்சு வரல.”

பூந்தமல்லி வண்டியும் குடோனைத் தாண்டிப் போய்விட்டதாம். எப்படித் தெரியும், வாசலில் பலகை இல்லையே. பிபின் சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடி வண்டியைத் திருப்பிக் கூட்டிவந்தார். சம்பத் அந்த எண்ணை அடித்ததிலிருந்து அவனை வண்டியில் ஏற்றும் வரை ஒரு மணி நேரத்துக்குப் பக்கம் ஆகிவிட்டது.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் நின்றது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. சீக்கிரம் வந்திருந்தால் கை தப்பியிருக்குமா என்று தணிகாசலம் சார் டாக்டரிடம் கேட்டார். “தப்பியிருக்கலாம். தப்பாமலும் இருந்திருக்கலாம். நிமிஷம் போகப் போகச் சேதம் அதிகம், அதுதான் சொல்ல முடியும்” என்றாராம். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள்? முழுப் பழியையும் எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை.

அன்று சாயங்காலமே படிவத்தை எடுத்து சார் முன்னால் வைத்தேன். எடுத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“மஞ்சள் வெச்சிருக்கீங்க. கையெழுத்து வெக்கல.”

குனிந்து நின்றதால்தான் எனக்குக் கேட்டது.

“ஆடி சார்...” என்றேன்.

“நீங்க போயிடும்னு சொன்னீங்க. போயிடும்னா என்னம்மான்னு நான் கேக்கல.”

அறிக்கையில் என் பெயரையும் தன் பெயரையும் சேர்த்தே எழுதினார். இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. படிவத்தில் அப்போதே கையெழுத்துப் போட்டேன், அவரே முத்திரை வைத்தார்.

மெமோ எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்கு இருந்த குழப்பம் வேறு. ஆடி அம்மனுடைய மாதம். அவளுக்காகத்தானே அந்த மாதத்தில் வேறு காரியம் தொடங்காமல் இருக்கிறோம்? அவள் கூழை அவள் கோயிலில் குடித்துவிட்டு வந்தவள் நான். அவளுக்குச் செய்த மரியாதை என்று நான் நினைத்தது சம்பத்தின் தலையில் போய் இறங்கியது எப்படி? அவள் ஏற்றுக்கொள்ளவில்லையா? இல்லை, இந்த மாதிரிப் படிவத்தை எல்லாம் நடுவில் இழுத்ததே என் பயமா? யாரைக் கேட்பது? குருக்களிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு நாள் பார்க்கறதுண்டாம்மா?” என்றார். இது ஆஸ்பத்திரி இல்லையே சாமி, வெறும் காகிதம்தானே என்று நினைத்தேன். வெறும் காகிதம்தான். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

சம்பத் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவன் பேச்சுக்காக மாங்காட்டுக்கு ஆறு வாரம் வேண்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் பிடித்துப் போய், எலுமிச்சம்பழம் வைத்து வணங்கி, கோயிலில் திருப்பிக் கொடுக்கும் பழத்தை ஆவடிக்குக் கொண்டுபோய் அவன் தலைமாட்டில் வைப்பேன். அவன் மனைவி வனஜா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொள்ளும்.

“கூடப் பொறந்தவங்க கூட இப்டி அலையமாட்டாங்க அக்கா. உங்க வேண்டுதல்ல தான் அது முழிச்சினு கீது.”

ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். வனஜா இப்படிச் சொல்லும். டம்ளரில் காபி வரும். குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நான்காம் வாரம் சம்பத் “யக்கா” என்றான். அதிலே ‘க்கா’ மட்டும்தான் தெளிவாகக் கேட்டது. வனஜா சாமி வந்தவள் மாதிரி அழுதது. நானும் அழுதேன். இரண்டு பேர் அழுகையும் ஒன்றில்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஆறாம் வாரம், புரட்டாசி வெள்ளி. பழத்தை வைத்தேன். அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்கள் வரத் தொடங்கியிருந்தன. வனஜா காபி டம்ளரோடு வந்தது.

“அத வெச்சிட்டு உக்காரும்மா” என்றேன். “நான் ஒண்ணு சொல்லணும்.”

சொன்னேன். படிவம், மஞ்சள், ஆடி, போயிடும் சார் என்று சொன்னது, ஆம்புலன்ஸ்காரரை இங்கே யாரும் இல்லை என்று திருப்பியது, சிரித்தது வரைக்கும்.

வனஜா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தது. டம்ளர் கையிலேயே இருந்தது.

“ஆறு வாரமா வந்துகினு கீற. மொத வாரமே ஏன்க்கா சொல்லல?”

“பயந்தேம்மா.”

“ஆடி போனப்பறம் சொல்லலாம்னு இருந்தியா?”

வனஜா டம்ளரோடு உள்ளே போனது. திரும்பி வரவில்லை. இன்று வரைக்கும் என்னோடு பேசவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். நியாயம்தான்.

சம்பத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்தபடி இருந்ததால் கோபமா, சிரிப்பா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இடது கையைத் தூக்கினான். ஏதோ சொல்ல முயன்றான். வரவில்லை. மறுபடி முயன்றான்.

“எயுதி... ட்டியா?”

“அன்னிக்கி சாயங்காலமே எழுதிக் குடுத்துட்டேன்டா.”

தலையை ஆட்டினான். அது இல்லை என்கிற ஆட்டல். ஸ்டோர்ஸில் சரக்குக் குறைந்தால் எங்களை எப்படி முறைப்பானோ அப்படி முறைத்தான்.

“மத்த... போனு?”

மற்ற போன். எங்களிடம் நாற்பது போன் இருந்தன. அந்த ஒன்றரை வருடத்தில் யார் யார் எதை எங்கே பிடுங்கிச் சொருகினார்கள்? ஆறு வாரமாக அம்மனுக்குப் பழம் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த நாற்பது போனைப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. இவனைப் பற்றி மட்டுமே கவலை, இல்லை, என்னைப் பற்றி மட்டுமே கவலை.

மறுநாள் சனிக்கிழமை. ஏழு மணிக்கே வேலைக்குப் போய்ப் போன் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போன் போனாகப் பார்த்தேன். இங்கே இருந்த ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று எண்ணையும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லி, எழுதியிருந்ததோடு ஒத்துப் பார்த்தேன். முப்பத்தாறு சரியாக இருந்தன. நான்கு தப்பு. கேன்டீன் போன் தெருவுக்கு எதிர்ப்புறம் எடுத்த புதுக் கட்டடத்துக்குப் போயிருந்தது. கணக்குப் பிரிவில் ஒரு பெண் பிரசவத்துக்காகத் தன் போனை வீட்டுக்கே எடுத்துப்போய் அங்கிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நிறைமாதம். அவள் அவசர எண்ணை அடித்திருந்தால் வண்டி எங்கள் வேப்பமரத்தடிக்குத்தான் வந்திருக்கும். மற்ற இரண்டும் பாரிவாக்கத்தில் இருந்தன.

நான்கு பேருக்கும் போன் செய்து முகவரியைக் கேட்டேன். நான்கு படிவம் எழுதினேன். பிள்ளைத்தாச்சியின் வீட்டு முகவரியை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தேன். கையெழுத்துப் போடும் நேரம் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதே முக்கால். சனிக்கிழமை ராகு காலம் பத்தரை வரைக்கும்.

கல்யாணமான நாளிலிருந்து ராகு காலத்தில் நான் ஒரு புது டப்பாவைக்கூடத் திறந்தவள் இல்லை. தாயே, தப்பா சரியா எனக்குத் தெரியவில்லை, பிள்ளைத்தாச்சி அங்கே இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிக்கொண்டு நான்கிலும் கையெழுத்துப் போட்டேன்.

தணிகாசலம் சார் அறைக்குக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கி, ஒவ்வொரு முகவரியையும் உதடு அசையப் படித்தார். சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து, எப்போதும் தானே வைக்கும் முத்திரையை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.